அறுபது வினாடி

மூன்றாவது தடவையும் திரையில் அதே வரிதான் வந்தது: போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. அந்தத் தொடர்பு வாசலை யார் பயன்படுத்துகிறார்கள் என்று பட்டியலைப் பார்த்தாள். யாருமே இல்லை.

சுரங்கப்பாதைக்குள் வேலை செய்கிறவர்களோடு மேலிருந்து பேசுவதற்கான மென்பொருள் அது. லினக்ஸ் சர்வர் கிளம்பும்போதே அதையும் கிளப்பிவிட ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. அதில் பழைய இன்ஜினியர், 'அறுபது வினாடி காத்திரு' என்று ஒரு வரி போட்டு, பக்கத்திலேயே 'அது பேசி முடிக்கட்டும்' என்று குறிப்பும் எழுதியிருந்தார். எது, யாரோடு, ஒரு விளக்கமும் இல்லை. போகிறவர்கள் இப்படித்தான் மொட்டையாக எழுதிவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று, அவர் இடத்துக்கு வந்த அவள் காலையில் எரிச்சலோடு அந்த வரியை அழித்திருந்தாள். அப்போது பிடித்த தலைவலி இன்னும் விடவில்லை.

கீழே எட்டுப் பேரோடு இருந்த மேஸ்திரி அவளுடைய அண்ணன். தடுப்புக்கு அந்தப் பக்கம் கூரை விரிசல் விட்டிருக்கிறது, யாரும் தாண்டக் கூடாது என்று பத்து மணிக்கே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது பத்தரை. சொல்லியனுப்பிய ஆள் நடந்து போய்ச் சேர இன்னும் இருபது நிமிடமாகும்.

அழித்த வரியைத் திரும்பப் போட்டு, சர்வரை மறுபடி கிளப்பிவிட்டு, ஏசியின் முனகலையும் சூடேறிய தூசி வாடையையும் சகித்துக்கொண்டு, பற்களைக் கடித்தபடி ஒவ்வொரு வினாடியாக எண்ணினாள். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. பச்சை விளக்கு எரிந்தது. அப்பாடா என்றிருந்தது.

"அண்ணா, கேக்குதா?"

"கேக்குதும்மா. அரை மணியா கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்."

யார் பேசினார்கள் என்று கேட்டாள்.

"என்ன கேள்வி இது? நீதான். தடுப்பை எடுத்துட்டு உள்ள போகச் சொன்னே. எல்லாரும் வந்துட்டோம். இங்க ஒரே இருட்டா இருக்கும்மா."

"திரும்பி வாண்ணா. நான் சொல்லலே. ஓடி வா."

விளக்கு அணைந்திருந்தது. திரையில் மறுபடியும் அந்த வரி. போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது.

கத்தினாள். மைக்கைத் தட்டினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

மூச்சு வாங்க நிறுத்தினாள். ஸ்பீக்கரில் குரல் வந்தது. நிதானமான குரல். சின்ன வயதில் அண்ணனிடம் எதையாவது கேட்கும்போது வரும் அதே கொஞ்சல்.

அவளுடைய குரல்.

"இன்னும் ரெண்டே அடி, அண்ணா."

"சரிம்மா" என்றான் அண்ணன்.

பூட்ஸ் சத்தம். ஒன்பது பேரும் நடக்கிறார்கள்.