தீராவின் விடைவாசல்

காலையில் பேருந்து கிளம்பியதும் முதல் வேலை வாய்ப் பயிற்சிதான். கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகக் கடல்தடுப்புச் சுவரை ஒட்டி வண்டி போய்க்கொண்டிருக்கும். நான் முன்னால் நின்று மைக்கைப் பிடித்து, "எங்க, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க பாப்போம்" என்பேன். தூத்துக்குடி, நாசரேத், விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி ஒரே குரலில் சொல்வார்கள்.

"போறேன்."

"இழுக்காதீங்க. பின்னால ஒண்ணும் சேக்காதீங்க. போறேன், அவ்வளவுதான்."

"போறேன்."

சொன்ன பிறகு யாரும் பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் உண்டு. நான் கண்டுகொள்ளாத மாதிரி அடுத்து எந்த ஊர், எங்கே சாப்பாடு என்று அறிவிக்க ஆரம்பித்துவிடுவேன்.

என் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. தமிழ்க் குழுக்களைக் கிரேக்கத்துக்கு அழைத்து வந்து சுற்றிக்காட்டுவது என் பிழைப்பு. பொறுமைசாலி என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. அதிலும் பேச்சிமுத்து மாதிரி ஆட்கள் குழுவில் இருந்தால் எனக்கு மண்டை காய்ந்துவிடும்.

தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவனுக்கு வேலை. முப்பதை ஒட்டிய வயது, பெயருக்கு ஏற்ற பேச்சு. முதல் நாள் அக்ரோபோலிஸ் குன்றில் ஏறியதும் பார்த்தினன் கோயில் தூண்களுக்கு முன்னால் நின்று, நெல்லையப்பர் கோயில் தூணைத் தட்டினால் சத்தம் வரும், இதைத் தட்டலாமா என்று கேட்டான். தட்டினால் உள்ளே போடுவார்கள் என்றேன். பயிற்சியின்போது மட்டும் அவன் வாய் திறக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஏன் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

குன்றின் அடியில் விடைவாசல் இருந்தது. வெள்ளைக் கல்லில் ஒரு வளைவு, அதில் கதவு என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வெளியே போகிறவர் வளைவின் கீழே நின்று, பார்த்த இடத்தைத் திரும்பிப் பார்த்து, தன் மொழியில் விடைசொல்ல வேண்டும். வாசல் கேட்கும், பச்சை விளக்கு எரியும், போகலாம். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பேச்சிமுத்து வளைவின் கீழே நின்று, மேலே தூண்களைப் பார்த்துக் கும்பிட்டு, "போயிட்டு வாரேன்" என்றான்.

சிவப்பு எரிந்தது. வாசல் சொல்வதைத் தமிழில் பெயர்க்க எங்கள் காதில் மாட்டியிருந்த மொழிக்கம்மல், "திரும்பி வரும் எண்ணம் தெரிவிக்கப்பட்டுள்ளது. ஏற்க இயலாது" என்றது. வாசல்காவலர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வேறு எந்த நாட்டுக் குழுவும் இந்தத் தப்பைச் செய்வதில்லை. காவலர்கள் எங்களுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரே 'திரும்பி வருபவர்கள்' என்பதுதான்.

திரும்பி வர முடியாது என்பதுதான் சட்டம். உலகத்தில் பிறந்த யாரும் கிரேக்கத்துக்கு வரலாம், ஆனால் ஊருக்கு ஒரு தடவை, வாழ்நாளில் ஒரே தடவை. ஏதென்ஸை விட்டு வெளியே போனால் ஏதென்ஸ் உங்களுக்கு அத்தோடு முடிந்தது. கூட்டம் தாங்காமல் படிகள் தேய்ந்தன, கடல் ஏறித் தீவுகள் சுருங்கின. மிச்சமிருக்கும் கல்லிலும் குடிதண்ணீரிலும் எல்லாருக்கும் பங்கு கிடைக்க வேண்டுமென்றால் இதுதான் வழி என்று அவர்கள் முடிவு செய்தார்கள். நியாயமான சட்டம். அதில்தான் எனக்குக் கோபமே. அநியாயமான சட்டம் என்றால் வாய் நிறையத் திட்டவாவது செய்யலாம்.

அந்தந்த ஊரில் பிறந்தவர்களுக்கும் என்னைப் போன்ற வழிகாட்டிகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. மணிக்கட்டில் ஒரு முத்திரை பதித்திருப்பார்கள், வாசல் எங்களிடம் எதையும் கேட்காது. மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். மனம் ஒப்பி விடைசொன்னவன் திருட்டுத்தனமாகத் திரும்பி வரமாட்டான் என்று ஏதோ ஓர் ஆய்வில் கண்டுபிடித்தார்களாம். அதனால் வாசல் சொல்லை மட்டும் அல்ல, குரலையும் எடைபோடும். ஒரு தடவை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மேடையில் பேசுவது போல "விடைபெறுகிறேன்" என்றார். மனதில் இல்லாத சொல் என்று சிவப்பு எரிந்தது. வீட்டில் பேசும் பேச்சுதான் வேண்டும்.

'போயிட்டு வாரேன்' என்பது வெறும் சம்பிரதாயம், அதற்கு அர்த்தம் பார்க்காதீர்கள் என்று நான் அவர்களின் அலுவலகத்தில் வாதாடியிருக்கிறேன். வருவேன் என்றால் வருவேன் என்றுதானே பொருள் என்று பதில் வந்தது. யோசித்துப் பார்த்தால் வாசல் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. நாம் அப்படிச் சொல்லும்போது கொஞ்சமாவது வரத்தான் நினைக்கிறோம்.

பேச்சிமுத்து இரண்டாவது தடவை "போறேன்" என்று முணுமுணுத்து வெளியே வந்தான். டெல்ஃபியிலும், க்ரீட் தீவின் நோசோஸ் அரண்மனையிலும் அதே கதைதான். முதலில் சிவப்பு, பிறகு முணுமுணுப்பு, பிறகு பச்சை. "ஒங்களால எல்லாருக்கும் தாமதம் தம்பி" என்று நான் சிடுசிடுத்தேன்.

டீலோஸுக்குப் போகும் சூரியப்படகில்தான் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பழைய காலத்தில் அந்தத் தீவில் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று சட்டம் இருந்ததை நான் குழுவுக்குச் சொல்லி முடித்திருந்தேன்.

"இந்த ஊர்க்காரங்களுக்கு அப்பவே இதான் வேலையா மேடம்?" என்றான்.

"சட்டம் போடறதுல கெட்டிக்காரங்க."

அவன் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "எங்க அய்யா உப்பளத்துல வேல பாத்தாரு. எப்பவும் போயிட்டு வாரேன்னுதான் சொல்லுவாரு. ஒரு நா அம்மாகூடச் சண்ட போட்டுக்கிட்டு, போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னைக்குத்தான் கடல் சுவர ஒடச்சிட்டு உள்ள வந்துச்சு. அதுக்கப்புறம் எங்க வீட்டுல யாரும் அந்த வார்த்தயச் சொல்லுறதில்ல."

அவனிடம் சிடுசிடுத்ததற்காக எனக்கு வருத்தமாக இருந்தது. "கல்லுகிட்ட சொல்லுறதுதான தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"கல்லுகிட்ட சொல்லிருவேன் மேடம். அடுத்து தீரா வருதுல்லா, அங்கன எங்க அக்கா இருக்கா."

அவன் அக்கா பெயர் வெயிலுகந்தாள். கடல்தடுப்புப் பொறியாளராகத் தீரா தீவுக்குப் போனவள், அந்த ஊர்க்காரன் மனோலிஸைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். மூன்று வயதில் ஒரு பெண்குழந்தை. வெயிலு அந்தத் தீவில் பிறந்தவள் அல்ல, அதனால் ஒருமுறை வெளியேறினால் புருஷனிடமும் வேலைக்கும் திரும்ப முடியாது. பிள்ளை சின்னது, அவளை விட்டு எங்கும் போகாது. அம்மா இறந்தபோதுகூட வெயிலு வரவில்லை, திரையில் பார்த்து அழுதாள். பேச்சிமுத்து தன் ஒற்றைத் தடவையை எடுத்துக்கொண்டு இப்போது அவளைப் பார்க்க வருகிறான். பார்த்துவிட்டுப் போனால் இரண்டு பேருக்கும் அத்தோடு சரி, மிச்சம் திரைதான். கோயில், அரண்மனையெல்லாம் அவனுக்கு வழியில் வந்த நிறுத்தங்கள்.

தீரா கடலிலிருந்து செங்குத்தாக எழும்பிய எரிமலைப் பாறை. உச்சியில் வெள்ளை வீடுகளும் நீலக் கூரைத் தேவாலயங்களும் இருக்கின்றன. கீழே படகுத்துறையில் வெயிலு நின்றாள். நல்ல நிறமாக இருந்தவள் வெயிலில் கறுத்திருப்பதாகப் பேச்சிமுத்து சொன்னான். இருவரும் கட்டிப் பிடித்து அழவில்லை. "என்னல, மெலிஞ்சிட்ட" என்றாள். "நீ குண்டாயிட்ட" என்றான். மனோலிஸின் தோளிலிருந்த குழந்தை இவன் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டது.

மற்றவர்கள் விடுதிக்குப் போக, அவன் அக்கா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. வாசல்காவலர் வெயிலுவை அழைத்து விதியைச் சொன்னார். விருந்தாளி கிளம்பும்போது மூன்று தடவைதான் சொல்லலாம், மூன்றிலும் சிவப்பு எரிந்தால் அவரைப் பிடித்து வெளியேற்றுவார்கள். இடம் கொடுத்தவர் தீவில் பிறக்காதவர் என்றால் அவரும் கூடவே வெளியேற வேண்டும். வெயிலு சம்மதித்துக் கைரேகை வைத்தாள். பேச்சிமுத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

தங்கியிருந்த நாட்களில் குழுவை நான் எரிமலை வாய்க்கும், ஈயா கிராமத்துக்கும், சாம்பலுக்கடியில் புதைந்து கிடந்த பழைய நகரத்துக்கும் கூட்டிப்போனேன். அவன் எதற்கும் வரவில்லை. ஒரு மத்தியானம் என்னைச் சாப்பிட அழைத்தார்கள். வெயிலு கத்திரிக்காயைச் சுட்டுப் புளி ஊற்றி வைத்திருந்தாள். தீரா என்ற பெயருக்குத் தமிழில் முடியாதது என்று அர்த்தம் என்று பேச்சிமுத்து மனோலிஸுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். மனோலிஸ் சிரித்தான். வெயிலு சிரிக்கவில்லை. "நான் கெளம்பும்போது இவன்கிட்ட போயிட்டு வாரேன்ல, அழாதன்னுதான் சொன்னேன் மேடம்" என்றாள். "இவன் அத நம்பி ரொம்ப நாளு பஸ் ஸ்டாண்டுல நின்னானாம்." பேச்சிமுத்து குனிந்து சாப்பிட்டான்.

கிளம்பும் நாள் காலை எல்லாரும் விடைசொல்லிப் படகில் ஏறியாயிற்று. வளைவின் கீழே அவன் நின்றான். உள்ளே ஐந்தாறு அடி தள்ளி வெயிலு, மனோலிஸ், குழந்தை. நான் முத்திரையோடு காவலர் பக்கத்தில் நின்றேன்.

"போயிட்டு வாரேங்க்கா" என்றான். சிவப்பு.

"எல, சரியாச் சொல்லு" என்றாள் அவள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டு, "வாரேங்க்கா" என்றான். சிவப்பு. உள்ளே நுழைவதாக அறிவித்திருக்கிறீர்கள், நீங்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறீர்கள் என்றது மொழிக்கம்மல். வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்கு நாக்குப் புரளாமல் இல்லை. இன்னும் ஒரே ஒரு தடவை 'வாரேன்' என்று சொன்னால் போதும், அவளும் அவனோடு படகில் ஏறியாக வேண்டும். தூத்துக்குடி வீட்டுக்கு அக்கா வந்துவிடுவாள். அவன் அதைத் துறையில் இறங்கிய அன்றே கணக்குப் போட்டுவிட்டான். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவள் தலையாட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையாட்டவில்லை. அம்மா சாவுக்கு வராதவள், பஸ் ஸ்டாண்டில் தம்பியை நிற்கவைத்தவள், வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். மனோலிஸுக்கு ஒன்றும் புரியவில்லை, அவன் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நான் என்னக்கா சொல்லட்டும்?"

"ஒன் இஷ்டம்ல" என்றாள்.

அந்த நேரத்தில் குழந்தையின் தலையிலிருந்த தொப்பி கண்ணை மறைத்தது. வெயிலு அவனைப் பார்த்தபடியே, கையை மட்டும் நீட்டி, தொப்பியை ஏற்றிவிட்டாள். பார்க்காமலே கை சரியான இடத்துக்குப் போனது. பேச்சிமுத்து அந்தக் கையைப் பார்த்தான்.

"போறேங்க்கா" என்றான்.

பச்சை எரிந்தது. மனதில்லாமல் சொல்லியிருந்தால் வாசல் ஏற்றிருக்காது. ஏற்றுக்கொண்டது. அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. அவன் நேராக நடந்து படகில் ஏறினான். "போயிட்டு வால" என்று பின்னாலிருந்து அவள் கத்தினாள். உள்ளே இருப்பவர்கள் சொல்வதை வாசல் கேட்பதில்லை, அவர்கள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

விமான நிலையத்தில் பிரியும்போது என்னிடம் வந்தான்.

"மேடம், நீங்க திரும்ப அங்கன போவீங்கல்லா?"

"வைகாசில அடுத்த குழு இருக்கு."

"எனக்காக ஒண்ணு செய்யணும். துறைல எறங்கினதும் எங்க அக்காகிட்ட வந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

"போன்ல நீங்களே பேசலாமே தம்பி."

"போன்ல வந்துட்டேன்னு எப்படி மேடம் சொல்ல?" என்றான். நியாயமான கேள்விதான்.

வைகாசியில் புதுக் குழுவோடு போனேன். பேருந்தில் அதே பயிற்சி. எனக்கு அது பிழைப்பு, வேறு வழியில்லை. தீராவில் இறங்கும்போது வெயிலு துறையில் நின்றிருந்தாள். தமிழ்க் குழு வரும் படகென்றால் வந்து நிற்பாளாம். குழுவை முன்னால் அனுப்பிவிட்டு அவள் எதிரே போய் நின்றேன். எனக்கு அவளைவிடப் பதினைந்து வயது கூடுதல். கூச்சமாக இருந்தது.

"வந்துட்டேங்க்கா" என்றேன்.

அவள் எனக்குப் பின்னால், காலியாகிவிட்ட படகைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வால" என்றாள். "ஏம்ல இம்புட்டு நேரம்? சாப்ட்டியா?"

"சாப்ட்டேங்க்கா."

"பொய் சொல்லாத. வா, வீட்டுக்குப் போவோம்" என்று என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.