மேற்குச் சுவரோரம் கட்டிய தூளி

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். குப்பு அன்றைக்கு அழவே இல்லை.

மார் கனத்தபோதுதான் பவுனம்மாளுக்கு அது உறைத்தது. காலையில் வேலையில் இறங்கும்போது கொடுத்த பால். வெயில் உச்சிக்கு வந்து, ரவிக்கை நனைந்து, பாலின் புளித்த வாடை அவள் மூக்கிலேயே அடித்தது; ஆனால் மேற்குச் சுவரோரம் புங்கமரக் கிளையில் கட்டியிருந்த தூளியிலிருந்து ஒரு சிணுங்கல்கூட இல்லை. சுவர் தேய்த்துக்கொண்டிருந்த தேங்காய் நாரைப் போட்டுவிட்டு ஓடினாள். குழந்தை விழித்துத்தான் கிடந்தது. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, வயிறு நிறைந்தாற்போல, உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. மாரை வாயில் வைத்தாள். நாக்கால் தள்ளிவிட்டது.

"இன்னாடி, பெரிய மனுஷி மாதிரி வேணாங்கற?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவளும் புருஷன் நடேசனும் காட்டேரிக்குப்பத்துக்காரர்கள். மழை ஓய்ந்ததும் ஊர் ஊராகப் போய்ச் சுவர் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பது அவர்கள் பிழைப்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பச்சையாய் ஏறும் பாசி, மார்கழிப் பனியில் கறுத்துப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் சுண்ணாம்பை அடித்தால் பொங்கலுக்குள் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து மானம் போய்விடும். முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும், தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும், நன்றாகக் காயவிட வேண்டும், அப்புறம்தான் சுண்ணாம்பு. ஏணிமேல் நடேசன், கீழே பவுனம்மாள். வாய்ச் சவடாலில் அவன் சூரன், தேய்ப்பதில் அவள்.

இந்த முறை வேலை கரிக்கலாம்பாக்கத்துக்கும் அப்பால், வயல் நடுவே தனியாக நின்ற ஓட்டு வீட்டில். வீட்டுக்காரர் பலராமன் மழைக்காலத்தில் மனைவியைப் பறிகொடுத்தவர். அதற்குள் அடுத்த பெண் பேசியாகிவிட்டது. பெண் வீட்டார் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் யாரும் சுண்ணாம்பு அடிப்பதில்லை. பலராமனுக்கு அவசரம்.

"பளிச்சுனு இருக்கணும்பா. மேக்கால சுவரையும் சேத்து. அவங்க வண்டி அந்தப் பக்கமாத்தான் வரும்" என்றார்.

வாசலில் நின்ற அவருடைய அக்காள் ருக்குமணி, தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த மேற்குச் சுவரில்தான், பாசிக்கு அடியில், கனமாகச் சாணி அப்பியிருந்தது. ஆள் அகலத்துக்கு, மார் உயரத்துக்கு. நடுவில் மஞ்சள் கறை. யாரோ வரட்டி தட்டிக் காயவைத்த இடம் என்று நினைத்தாள் பவுனம்மாள். அந்தப் பக்கத்தில் வரட்டி தட்டாத சுவர் ஏது? அன்று காலையில், சுவரைப் பாழாக்கிய மகராசியைத் திட்டிக்கொண்டே ஊறவைத்து, சுரண்டி, ஒரு பொட்டு இல்லாமல் தேய்த்து எடுத்தாள். உள்ளே புதுச் செங்கல் தெரிந்தது. குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டு கீழே வழியவில்லை. புதுச் செங்கல், தண்ணீர் குடிக்கத்தான் செய்யும் என்று தேற்றிக்கொண்டாள்.

குப்பு அவளுக்கு மூன்றாவது. முதல் இரண்டும் வருஷம் திரும்புமுன் மண்ணுக்குப் போய்விட்டன. அதனால் இவள் பிறந்ததுமே குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி, மூக்குக் குத்தி, குப்பம்மா என்று பெயர் வைத்தார்கள். குப்பையை எமன்கூடத் தொடமாட்டான் அல்லவா? நான்கு மாதம் தாண்டிவிட்டாள். இவளும் போய்விட்டால் தான் உயிரோடு இருக்கப்போவதில்லை என்று பவுனம்மாள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே நடேசனுக்குத் தெரியும்.

மறுநாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கடலில் ஏதோ புயல் சின்னமாம். வாடைக்காற்றோடு வந்த மழை கிழக்கிலும் வடக்கிலும் சவுக்கால் அடித்தது. காயவைத்த சுவரெல்லாம் வீணாயிற்று. சாரல் படாத இடம் மேற்குத் தாழ்வாரம் ஒன்றுதான் என்பதால் தூளியை அங்கே உத்தரத்தில் மாற்றிக் கட்டினாள். கட்டும்போது புறங்கை சுவரில் பட்டது.

சூடாக இருந்தது.

கழுவிய ஈரம் சுவர் முழுக்க ஜில்லென்று கசிந்துகொண்டிருக்க, அந்தப் புதுச் செங்கல் மட்டும் காய்ந்து, காய்ச்சல்காரியின் நெற்றிபோல் கொதித்தது. கிட்டே போனால் ஒரு வாசனை. வசம்பு, சாம்பிராணி, மூடிய அறையில் நாளாய்க் கட்டிக்கிடந்த பால். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையின் வாசனை. பவுனம்மாள் சட்டென்று தன் ரவிக்கையை முகர்ந்து பார்த்தாள். அது அவளுடைய வாசனை இல்லை.

தூளி மெல்ல ஆடியது. காற்று இந்தப் பக்கம் வரவில்லை. உள்ளே குப்பு, சுவரைப் பார்த்து, பொக்கை வாயால் சிரித்தாள். கடைவாயில் பால் வழிந்திருந்தது.

"ஆருடி இங்க தூளி கட்டுனது?"

ருக்குமணி பின்னால் நின்றாள். கையிலிருந்த சொம்பு நழுவியது. பார்வை குழந்தைமேல் இல்லை, சுவர்மேல்.

"இத ஆரு கழுவச் சொன்னது? இங்க சாத்தி வச்ச முள்ளு எங்க?"

"முள்ளு ஒண்ணும் இல்லம்மா. சாணிதான் இருந்துச்சி. வரட்டித் தடம்னு..."

ருக்குமணி அப்படியே குந்திவிட்டாள். பிறகு மழைச் சத்தத்துக்கு நடுவே, தம்பி காதில் விழுந்துவிடுமோ என்று பயந்து பயந்து சொன்னாள்.

"எங்க தம்பி பொண்டாட்டி பெத்த புள்ள, மார்ல வாய் வைக்காமலே போயிட்டுது. இவளுக்குப் பால் கட்டிக்கினு ஜொரம். பால், பால்னு கத்திக்கினே கெடந்தா. செத்த நாளும் நல்லா இல்ல, அடைப்பு நட்சத்திரம். பொணத்த வாசப்படியால எடுத்தா அவ திரும்பி வந்துடுவான்னு, இந்தச் சுவத்த ஒடச்சி எடுத்து, உடனே செங்கல் வச்சி அடைச்சோம். சாணி மெழுகி, மஞ்சத் தடவி, முள்ளு சாத்தினோம். ஆறு மாசம் தொடக் கூடாது. பொண்ணு வூட்டுக்காரங்க பாத்தா போயிடுவாங்கன்னு என் தம்பி முள்ளப் புடுங்கிப் போட்டுட்டான். பாசி மறைச்சிருந்துச்சி. நீ கழுவிட்ட."

"மறுபடியும் மெழுகிடறேம்மா. இப்பவே மெழுகிடறேன்."

"மெழுகு. மெழுகினா வழி அடைஞ்சிடும்" என்றாள் ருக்குமணி. தூளிக்குள் கிடந்த குழந்தையின் கடைவாயை இப்போதுதான் பார்த்தாள். "ஆனா உன் புள்ள அவ பாலக் குடிச்சிட்டாளே. இனிமே உன்கிட்ட குடிப்பாளா?"

பவுனம்மாள் குழந்தையை வாரிக்கொண்டு, அவர்கள் தங்கியிருந்த வைக்கோல் கொட்டகைக்கு ஓடினாள். நடேசன் பீடி பற்றவைத்தபடி எல்லாவற்றையும் கேட்டான். குழந்தையைத் தூக்கிப் பார்த்தான். கன்னம் உப்பியிருந்தது, தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. "புள்ள கொழுகொழுன்னு இருக்குது. இதுக்கா அழுவற?" என்றான். ஆனால் பீடியை இழுக்க மறந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, ஊருக்குத் திரும்ப, வெள்ளத்தில் மதகு தாண்ட வழி இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அவன் போனதும் குப்பு அழ ஆரம்பித்தாள்.

அப்படி ஒரு அழுகையைப் பவுனம்மாள் கேட்டதில்லை. வலது மாரைக் கொடுத்தாள், இடது மாரைக் கொடுத்தாள், பாலைப் பீச்சி விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். குழந்தை கசப்பை ருசித்ததுபோல் முகத்தைச் சுளித்துத் துப்பியது. தோளில் போட்டாள், காலில் போட்டு ஆட்டினாள், இரண்டு பிள்ளைகளைத் தூங்கவைத்த தாலாட்டையெல்லாம் பாடினாள். மழை விடவில்லை. நடேசன் வரவில்லை. பலராமனின் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே ஆள் இருந்தும் யாரும் திறக்கவில்லை. குரல் கம்மி, அழுகை வெறும் காற்றாகி, விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தையின் உதடு நீலம் பாய ஆரம்பித்தது. முதல் இரண்டுக்கும் இப்படித்தான் நீலம் பாய்ந்தது.

அவள் தெய்வத்தைக் கூப்பிட்டாள். அப்புறம் எழுந்தாள். கால் தானாக மேற்குத் தாழ்வாரத்துக்கு நடந்தது. வேறு எங்கே போவாள்?

கிட்டே போகப் போக அழுகை நின்றது.

அந்த வாசனை. அந்தச் சூடு. அரையிருட்டில் செங்கல் பகுதி மட்டும் வெளிறித் தெரிந்தது. குழந்தை இரண்டு கையையும் சுவரை நோக்கி நீட்டியது. தன்னை நோக்கி அது ஒருநாளும் அப்படி நீட்டியதில்லை என்று நினைத்தபோது பவுனம்மாளுக்கு வயிறு எரிந்தது.

"ஒரு வாய் குடுத்துட்டு வுட்டுடும்மா" என்று சுவரிடம் கெஞ்சினாள். "எனக்கு இது ஒண்ணுதான். வுட்டுடு."

குழந்தையின் முகத்தைச் சுவரோடு வைத்தாள்.

சப்பும் சத்தம் கேட்டது. ஆவலாக, மூச்சு வாங்கி வாங்கி. மடக், மடக். குழந்தையின் உடம்பில் நிறம் திரும்பியது. சுவருக்கு உள்ளிருந்து இன்னொரு சத்தம். தட், தட், தட். பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம். அவள் உள்ளங்கைக்கு அடியில் செங்கல் லேசாக எழும்பி, அடங்கி, மறுபடி எழும்பியது.

போதும். குழந்தையை இழுத்தாள். வரவில்லை.

பலமாக இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது.

காலுக்குக் கீழே சேறு வழுக்கியது. முகம் குப்புற விழாமலிருக்க இரண்டு கையையும் தரையில் ஊன்றினாள். ஊன்றிய பிறகுதான் தெரிந்தது, கை இரண்டும் காலி என்று.

குழந்தை விழுந்த சத்தம் கேட்கவில்லை.

தலையை நிமிர்த்தினாள். மார் உயரத்தில், யாரும் பிடிக்காமல், குப்பு சுவரோடு சுவராகக் கிடந்தாள். குட்டிக் கால்கள் அந்தரத்தில் சந்தோஷமாக உதைத்தன. ஒரு கை முழங்கைவரை செங்கலுக்குள் போயிருந்தது. முகம் தெரியவில்லை. பவுனம்மாளின் மார் இரண்டும் பொங்கி வழிந்து, பால் மழைத்தண்ணீரோடு கலந்து சேற்றில் ஓடியது. தட், தட், தட் என்ற சத்தம் மட்டும் மெதுவாகிக்கொண்டே வந்தது, பிள்ளை தூங்கப்போகும்போது ஆகிற மாதிரி.