மூன்று சிமிட்டு, ஒரு நிறுத்தம்

ஊரில் அவரை மின்மினி என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரியைச் சுற்றிக் கண்ணைப் பறிக்கும் விளக்குப் பலகைகளில் பாதிக்கு மேல் அவர் கைவண்ணம். தேனிலவு அறைகள் என்று ஒன்று இளஞ்சிவப்பில் ஓடும். குதிரைச் சவாரி என்று இன்னொன்று பச்சையில் துள்ளும். மலையையும் தண்ணீரையும் பார்க்க வந்த கூட்டம் கடைசியில் இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பும்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அவர் ஏரிக்கரை விடுதி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது, பனி இறங்கி ஏரியையே காணோம். கல்யாணமாகிப் போன மகள் ஒரு வருடம் கழித்து அன்றைக்குத்தான் அக்கரையிலிருந்து படகில் வருகிறாள். வேலையை முடித்துவிட்டுத் துறைக்கு ஓட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

"என்னய்யா மின்மினி, உன் பலகை பழையபடி ஆரம்பிச்சிடுச்சு," என்றார் விடுதி முதலாளி. "சட்டுனு பாரு. யாராவது பார்த்துத் தொலைக்கப் போறாங்க."

மின்மினி அண்ணாந்து பார்த்தார். கரையோரப் பாறைகளுக்கு மேலே நின்ற பெரிய சிவப்புப் பலகை மூன்று முறை சிமிட்டியது. நின்றது. மறுபடி மூன்று.



அந்த ஏரியில் மூன்று சிமிட்டு, ஒரு நிறுத்தம் என்றால் படகுத் துறை. பனி நாட்களில் படகுக்காரர்கள் அந்தத் துறை விளக்கை நம்பித்தான் துடுப்புப் போடுவார்கள். தன் பலகையும் அச்சு அசலாக அப்படியே சிமிட்ட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. துறைக்குப் போகிற சுற்றுலாக் கூட்டம் தன் பக்கம் ஒதுங்குமே! மின்மினியும் மறுபேச்சில்லாமல் செய்து கொடுத்தார். மூன்று மாதம் முன்பு இதே மாதிரி ஒரு பனியில், ஏரியிலேயே தலை நரைத்த ஒரு படகுக்காரர் இந்தப் பலகையைத் துறை விளக்கென்று நம்பி நேரே பாறையில் மோதினார். உடல் மறுநாள் கிடைத்தது.

விசாரணைக்கு ஆள் வருவதற்குள் மின்மினி சிமிட்டலை எடுத்துவிட்டு விளக்கை நிலையாக எரிய வைத்தார். "எப்பவுமே இப்படித்தான் சார் எரியும்," என்றார். முதலாளி வாய் கூசாமல், "அந்த ஆள் குடிச்சிருந்தான்," என்றார். மின்மினி தலையாட்டினார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர், குடிகாரர் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு மின்மினி எப்படித்தான் தூங்கினாரோ, தெரியாது.

பலகையின் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்தார். ஏரிச் சேற்றின் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது.

உள்ளே எல்லாம் அவர் வைத்தபடியே இருந்தது. ஃபியூஸைப் பிடுங்கினார். பலகை சிமிட்டியது. வயரை வெட்டிக் கையில் எடுத்தார்.

மூன்று. நிறுத்தம். மூன்று.

சட்டைப் பையில் போன் அடித்தது. மகள்.

"அப்பா, படகு ஏறிட்டேன். பனிக்குப் பயந்து யாரும் எடுக்க மாட்டேன்னுட்டாங்க. ஒரு பெரியவர் மட்டும் நான் வரேன்னாரு. இப்ப விளக்கு தெரியுது, அதைப் பார்த்துதான் போறோம்."

"எந்த விளக்கும்மா?"

"சிவப்பா, மூணு மூணு தடவை... அப்பா, இவருக்கு உங்களை நல்லாத் தெரியுமாம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒரு மாதிரி பேசறாரு. நான் குடிச்சிருக்கேனான்னு கிட்ட வந்து மோந்து பாரும்மாங்கறாரு."

மின்மினி போனைக் காதோடு அழுத்தினார்.

"பார்த்தியா?"

"பார்த்தேன். சேத்து வாடைதான் வருது."

போன் அடங்கிப்போனது. பனிக்குள்ளிருந்து துடுப்புச் சத்தம் கேட்டது. நிதானமாக, பாறையை நோக்கி.

விழுந்தடித்து ஓடினார். புல்வெளியில் பாட்டுப் போடுகிற மைக்கைப் பிடுங்கினார். தேநீர் குடித்துக்கொண்டிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"அவரு குடிக்கல!" ஒலிபெருக்கி ஏரி முழுக்க அலறியது. "என் பலகையைத் துறைன்னு நம்பித்தான் வந்தாரு. நான்தான் அப்படிச் சிமிட்ட வெச்சேன். அப்புறம் நான்தான் மாத்திட்டுப் பொய் சொன்னேன். ஐயா, என் பொண்ணை விட்டுடுங்க!"

பலகை அணைந்தது.

முதலாளி ஓடி வந்து மைக்கைப் பறித்தார். முகம் சிவந்து கிடந்தது. கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"யாரும் காதுல வாங்காதீங்க. இவன் குடிச்சிட்டு உளர்றான்."

அதே வார்த்தை. மின்மினி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு படகு விடுதியின் படித்துறையில் மெதுவாக வந்து முட்டியது. மகள் இறங்கி ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். படகில் துடுப்போடு ஒரு நரைத்த தலை குனிந்திருந்தது.

"அக்கரைக்குப் போய் இன்ஸ்பெக்டரைக் கையோட கூட்டிட்டு வந்து உன்னை உள்ள தள்ளறேன், பாரு," என்று முதலாளி தடதடவென்று படியிறங்கிப் படகில் ஏறினார். "எடுய்யா, சீக்கிரம்!"

படகுக்காரர்களின் முகத்தைப் பார்த்துப் பேசும் வழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

மின்மினி வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை போதும். முதலாளி இறங்கிவிடுவார்.

வாயை மூடிக்கொண்டார்.

படகு பனிக்குள் மறைந்தது. கொஞ்ச நேரம் துடுப்புச் சத்தம் கேட்டது. பிறகு, வயரே இல்லாத பலகை மூன்று முறை சிமிட்டியது.

மறுநாள் பாறை இடுக்கில் முதலாளியின் உடல் கிடைத்தது. படகு கிடைக்கவில்லை.

"துடுப்புப் போட்டது யாருய்யா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். காவல் நிலைய அறையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். "குடிச்சிருந்தானா?"

"இல்ல சார். அவரு குடிக்கவே மாட்டாரு."

மின்மினி முதல் நாளிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். இன்ஸ்பெக்டர் நம்பாமல்தான் எழுதினார். மின்மினி கையெழுத்துப் போட்டதும் தாளைத் தன் பக்கம் திருப்பியவர், பேனாவை அப்படியே நிறுத்தினார்.

இரண்டாம் சாட்சிக்கு என்று விட்டிருந்த இடத்தில் ஈரமாக ஒரு கட்டைவிரல் ரேகை.

"இதை யாருய்யா வெச்சது?"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்து அழுத்தித் துடைத்தார். தாள் காய்ந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ரேகை அடியிலிருந்து மறுபடி ஊறி வந்தது.