திங்கள்கிழமை ரத்தம்

ட்ரிங்... ட்ரிங்...!

இன்ஸ்பெக்டர் கன்சே போனை எடுத்ததுமே ஒரு பெண்குரல் அலறியது.

"கொலைகாரங்க காணாமப் போயிட்டாங்க சார்! பாதிக்குப் பாதி!"

"எந்த ஜெயில்லேர்ந்தும்மா?"

"ஜெயில் இல்ல சார்... ரத்தத்துலேர்ந்து!"

இருபதாவது நிமிடம், மெரிடா நகரத்து வெயிலில் வேர்த்து வழிந்தபடி அந்தப் பரிசோதனைக்கூடத்தில் நின்றார் கன்சே.

அலறியவர் டாக்டர் மிர்னா காமாரா. வயது நாற்பத்தைந்து. கரு தங்கிய முதல் மூன்று மாதத்தில் பெண்ணின் ரத்தம் என்னென்ன செய்யும் என்று இருபது வருஷமாக அணுக்களை எண்ணிப் பார்ப்பவர்.

"ரத்தத்துல கொல்லி அணுன்னு ஒரு கூட்டம் இருக்கு சார். அந்நியன் எவன் நுழைஞ்சாலும் தீர்த்துக்கட்டிடும். ஆனா, வயித்துல குழந்தைன்னா அதுல பாதி அப்பன் பங்கு... அதுவும் அந்நியன்தானே? அதனால அந்த நேரத்துல இவனுங்க அடங்கிடுவானுங்க. சமாதானம் பண்ற அணுக்கள் கூடிடும்."

"எங்க ஸ்டேஷனுக்கு அதுல நாலு அனுப்புங்க. மேல சொல்லுங்க!"

"வாராவாரம் திங்கக்கிழமை, கர்ப்பமில்லாத உடம்புலேர்ந்து ஒரு ட்யூப் ரத்தம் எடுப்போம். அதுதான் எங்க அளவுகோல். அதோட ஒப்பிட்டுத்தான் வெளிய உட்கார்ந்திருக்கற பொண்ணுங்களுக்கு மருந்து. மூணு திங்களா அந்த ட்யூப்ல கொல்லி கம்மி... சமாதானம் ஜாஸ்தி! அது கர்ப்பிணி ரத்தம் சார்! எவளோ மாத்தி வைக்கறா. தப்பான மருந்து போச்சுன்னா ஒரு கரு கலைஞ்சிடும்!"

"யார் மேல சந்தேகம்?"

டாக்டரின் விரல் திரும்பியது.

நிதெல்வியா!

இருபத்தாறு வயது. கல்யாணமாகாதவள். அங்கே ட்யூப்களைத் தொடும் ஒரே ஆள்.

பாவம், அவள் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். திங்கள் என்றால் ஊர் முழுக்கக் கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும்தான். டாக்டருக்கும் சேர்த்துக் கொண்டுவருவது அவள் வழக்கம்.

"மூடு அதை!" டாக்டர் மூக்கைப் பொத்தினார். "வராந்தாவுக்கு வா. உன் பையைக் கொட்டு."

"எல்லார் முன்னாடியுமா டாக்டர்...?"

"எல்லார் முன்னாடியும்தான்!"

வராந்தாவில் ஐந்து கர்ப்பிணிகள். பத்துக் கண்கள்.

பை கவிழ்ந்தது.

சீப்பு. பஸ் கார்டு. பாதி கடித்த இனிப்பு ரொட்டி. கடைசியாக...

கர்ப்பம் பார்க்கிற அட்டைப்பெட்டி!

"பார்த்தீங்களா சார்! கள்ளத்தனமா வயித்துல வாங்கிக்கிட்டு, அளவுகோல் ட்யூப்ல தன் ரத்தத்தை வச்சு சோதிச்சுப் பார்த்திருக்கா! யாருடி அப்பன்?"

நிதெல்வியாவின் முகம் காதுமடல்வரை சிவந்துவிட்டது.

"வேலை போச்சு. கேஸும் உண்டு" என்றார் கன்சே. "உன் பக்கம் ஏதாவது சொல்லணுமா பாப்பா?"

"இங்க வச்சு... ஒண்ணுமில்ல சார். ஸ்டேஷனுக்கே வரேன்."

கன்சே நகரவில்லை. இன்னும் அவள் கையிலேயே இருந்த டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"ரெண்டு ஸ்பூன் இருக்கு. டாக்டருக்கும் சேர்த்துத்தானே? அப்புறம் அவங்க ஏன் மூக்கைப் பொத்தறாங்க?"

"வெயிலுக்குப் பிடிக்கல" என்றார் டாக்டர்.

"எத்தனை நாளா?"

"மூணு திங்களா சார்" என்றாள் நிதெல்வியா, முணுமுணுப்பாக.

கன்சேயின் மீசை லேசாக அசைந்தது.

"டாக்டர்... அந்த அளவுகோல் ரத்தம் யாரோடது?"

"என்னோடதுதான். அதான் இவ்வளவு உறுதியாச் சொல்றேன்! மூணு தடவை கலைஞ்ச உடம்பு சார் இது. இப்ப ரெண்டு மாசமா வரவும் இல்ல. நின்னு போற வயசு..."

வாக்கியம் பாதியில் அறுந்தது.

டாக்டரின் கை தானாக வயிற்றைத் தொட்டது.

"அந்தப் பெட்டி எனக்கில்ல டாக்டர்" என்றாள் நிதெல்வியா. "உங்களுக்குத்தான் வாங்கினேன். நாலு நாளா பையில கிடக்கு. போன தடவை நீங்க அழுத அழுகை எனக்கு மறக்கல. ஒருவேளை இல்லேன்னு காட்டிட்டா...? குடுக்கக் கை வரல."

டாக்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போனார்.

ஐந்து நிமிடம்.

கதவு திறந்தது. அட்டையில் இரண்டு கோடுகள்!

சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதலில் வந்தது அவமானம்! இருபது வருஷப் படிப்பு, ஊரார் ரத்தமெல்லாம் எண்ணிய கண்... அவர் ரத்தமே மூன்று வாரமாகக் கத்தியிருக்கிறது. அவர் காதில் விழவில்லை. அவர் டப்பாவை வேண்டாமென்று ஒதுக்கியதிலேயே அந்தப் பெண் கண்டுபிடித்திருக்கிறாள்.

தரையில் இன்னும் சீப்பு கிடந்தது.

டாக்டர் முழங்காலிட்டார். சீப்பை எடுத்தார். பஸ் கார்டை எடுத்தார். ரொட்டியின் தூசியை ஊதினார்.

"நிதெல்வியா... இவங்க முன்னாடி கேட்ட கேள்வி. இவங்க முன்னாடியே சொல்றேன். நான் பேசினது அசிங்கம். உன் மூஞ்சியப் பார்க்கவே முடியல. மன்னிச்சிடும்மா."

"எழுந்திருங்க டாக்டர். இனிமே நீங்க குனியக் கூடாது" என்று கை கொடுத்தாள் அவள்.

வராந்தாவில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

கன்சே டாக்டரின் ஸ்பூனை எடுத்து பீன்ஸை ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

"கேஸ் முடிஞ்சுது. குற்றவாளி உள்ளதான் இருக்கான். ஏழு மாசத்துல அவனே வெளிய வந்து சரணடைவான். ஒண்ணு மட்டும் டாக்டர்... வந்ததும் வராததுமா அவனையும் பிடிச்சு 'யாருடா அப்பன்'னு கேட்டுடாதீங்க!"