எல்லார் கையாலும் ஓர் உருண்டை

சரஸ்வதி வைத்த காபியை வினிதா தொடவில்லை.

டம்ளரில் ஆடை படிந்தது. வினிதா எழுந்துபோய் அடுத்த அடுப்பைப் பற்றவைத்து, தனக்கென்று வேறு பால் காய்ச்சிக்கொண்டாள். ஒரே சமையலறை, இரண்டு அடுப்பு. ஓரகத்தியின் கை பட்ட எதையும் அவள் வாயில் வைத்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன.

"அந்தக் காபியை எடுத்து வை. வரப்போவுதே உன் சீமந்த புத்திரி, அதுக்கு ஊத்து," என்றாள் மாமியார் நாராயணம்மா சரஸ்வதியிடம், ஆய்ந்துகொண்டிருந்த கீரையிலிருந்து தலை நிமிராமல்.

அடுப்பில் களி கொதித்துக்கொண்டிருந்தது. சரஸ்வதி அதை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கிண்டினாள்.

நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அவள் கணவன் செல்வம், கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"இன்னிக்கோட இந்தக் கூத்து முடியணும் சரசு. அவங்க வந்து, நாங்க வேணாம்னு சொன்னப்புறம் நாய்ப் பேச்சே இந்த வீட்ல வரக்கூடாது. இல்ல, உனக்கு அதுதான் வேணும்னா... அதோடவே நீயும் போயிடு."

கல்யாணமாகிப் பதினாறு வருடம். எத்தனையோ திட்டியிருக்கிறான். போயிடு என்று இதுவரை சொன்னதில்லை.

'சொல்லுவீங்கன்னு தெரியும்' என்று சரஸ்வதி நினைத்துக்கொண்டாள். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை இருந்தது. இரண்டு புடவை, ரோஜாப் பண்ணை வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் ஸ்வெட்டர், ஒரு அலுமினியக் கிண்ணம். விடிவதற்கு முன்பே எடுத்து வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் டிபன் பாக்ஸோடு கிளம்புவது வீட்டுக்குத் தெரியும். பொழுது சாயத் திரும்புவாள். புடவைக் கரையில் செம்மண் ஒட்டியிருக்கும். கேட்டால் கோயில் என்பாள். எந்தக் கோயிலில் களி படைக்கிறார்கள் என்று நாராயணம்மா யோசித்தாள். யோசித்ததை மகன் காதில் போட்டாள். ரோஜாப் பண்ணையில் எவனாவது இருப்பான் என்றாள்.

செல்வம் ஒரு ஞாயிறு பைக்கில் பின்தொடர்ந்தான். மத்திகிரியிலிருந்து டவுன் பஸ், பிறகு ஷேர் ஆட்டோ. பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பழைய கோழிப்பண்ணை ஷெட். எட்டிப் பார்த்தான். அவன் மனைவி மண் தரையில் உட்கார்ந்து, மூன்று கால் நாய் ஒன்றுக்குக் களியை உருட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

அங்கே ஒரு ஆண் இருந்திருந்தால்கூட அந்த வீடு இவ்வளவு கொதித்திருக்காது.

காரணம் இருந்தது. செல்வத்தின் தம்பி ராஜேஷ்குமார் ஒரு ராத்திரி ஜூஜூவாடி சர்வீஸ் ரோட்டில் பைக்கோடு விழுந்து கால் முறிந்தான். நாய் குறுக்கே வந்தது என்றான். அதோடு நிறுத்தவில்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணி போன் பண்ணினாள், எடுத்தேன், அந்த நேரத்தில்தான் நாய் வந்தது என்றான். செய்தி கேட்டு மாடிப்படியில் ஓடி இறங்கிய வினிதா வழுக்கி விழுந்தாள். வயிற்றில் இருந்த நான்கு மாதக் கரு அன்றே கலைந்தது.

ஒரு போன். ஒரு நாய். அந்த வீட்டின் துக்கத்துக்கு இரண்டே காரணங்கள். முதல் காரணம் இரண்டாவதைக் கூட்டிவந்து வீட்டில் வைத்துக்கொள்ளப் போகிறதாம்!

"தான் பெறல. பெறப் போனவளையும் பெறவிடல. இப்ப நாயை வெச்சிக் கொஞ்சணுமாம்," என்று நாராயணம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வந்தாள்.

சரஸ்வதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஆனால் அந்த நாயை வீட்டுக்குக் கூட்டி வருவதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஷெட்டை நடத்துபவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் இல்லை. வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, விடுமுறையில் வந்து நாய்களுக்குக் கட்டுப்போடுகிற இளவட்டங்கள். இடத்துக்காரர் அதை வீட்டுமனையாக விற்றுவிட்டார். வீடு கிடைக்காத நாய்கள் எல்லாம் வேறு மாநிலத்துக் காப்பகத்துக்கு லாரி ஏறப் போகின்றன. அந்த லாரியில் அவளுடைய மூன்று கால் ஜூஜூவும் ஏறிவிட்டால் அதன் முகத்தை இனி பார்க்கவே முடியாது.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டுக்கு நாய் போவதென்றால், அந்த வீட்டில் படுத்துத் தூங்கும் அத்தனை பேரும் தங்கள் கையால் அதற்கு ஓர் உருண்டை சோறு கொடுக்க வேண்டும். ஒரு கை பின்வாங்கினாலும் நாய் திரும்பிப் போய்விடும். ஒருத்தர் ஆசையாய் வாங்கிப்போக, இன்னொருத்தர் முகம் சுளிக்க, அதே வாரத்தில் ஹைவேயில் இறக்கிவிடப்பட்ட நாய்களைப் பொறுக்கிப் பொறுக்கிச் சலித்துப்போய் ஏற்படுத்திய வழக்கம்.

கெஞ்சினால் இறங்குவார்கள் என்று நம்பி சரஸ்வதி இதை வீட்டில் சொன்னாள். அதுதான் தப்பாகப் போனது. நாராயணம்மாவின் கண் பளிச்சிட்டது.

"அப்ப நான் ஒருத்தி மாட்டேன்னா போதும்ல? கூப்புடு அவங்கள. மொகத்துக்கு நேரா சொல்றேன்."

அவர்களுக்குப் போன் போட்டது வினிதா. வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை கட்டாயம் வாருங்கள் என்று தேன் ஒழுகக் கூப்பிட்டாள்.

வாசலில் ஆம்னி வண்டி வந்து நின்றது.

கவிப்ரியா இறங்கினாள். பெங்களூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்ச் சொறிக்கு மருந்து. அவள் கையில் இருந்த வாரின் மறுமுனையில், பழுப்பு நிறத்தில், பின்னங்கால் ஒன்று இல்லாமல் ஜூஜூ குதித்துக் குதித்து வந்தது. சரஸ்வதியைக் கண்டதும் உடம்பு முழுக்க வாலாகிவிட்டது அதற்கு.

ராஜேஷ் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

"எல்லாரும் இருக்கணுமே ஆன்ட்டி," என்றாள் கவிப்ரியா.

"டேய் ராஜேசு, வெளிய வாடா. உன் காலை ஒடச்சது நாய்தான்னு இவங்களும் கேக்கட்டும்," என்று நாராயணம்மா கதவைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன் தாங்கித் தாங்கி நடந்து வந்து, நாய்க்கு எட்டாத மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

நாராயணம்மா தொண்டையைச் செருமினாள். "பாரும்மா, நீ எந்த ஊருப் பொண்ணோ தெரியாது..."

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி. வேணாம்னு சொல்றதுன்னாலும் அதோட கதையைக் கேட்டுட்டுச் சொல்லுங்க. நாங்க எந்த நாயையும் கதை சொல்லாம காமிக்கிறதில்ல. இது எங்க கிடச்சதுன்னா, ஜூஜூவாடி சர்வீஸ் ரோட்ல. அதான் ஜூஜூன்னு..."

சரஸ்வதி சட்டென்று நிமிர்ந்தாள். உருண்டை கொடுக்கும் வழக்கம்தான் அவளுக்குத் தெரியும். கதை சொல்லும் வழக்கம் தெரியாது.

"வேணாம் கவி."

எல்லோரும் திரும்பினார்கள்.

"கதையெல்லாம் வேணாம்மா. இவங்களுக்கு இஷ்டமில்ல. நீ... நீ நாயை ஏத்திக்கிட்டுக் கெளம்பிடு. எனக்கும் வேணாம்."

ஜூஜூ அவள் புடவை முந்தானையை முகர்ந்துகொண்டிருந்தது. அவள் அதன் தலையைத் தள்ளிவிட்டாள். அது மறுபடி வந்தது. மறுபடி தள்ளினாள்.

நாராயணம்மாவுக்கு ஜெயித்த திருப்தி. செல்வம் பெருமூச்சுவிட்டு எழுந்தான். ராஜேஷ் முகத்தில் ரத்தம் திரும்பியது.

அதைக் கவனித்தவள் வினிதா ஒருத்திதான்.

இந்த நாய்க்காக வீட்டையே எதிர்த்து நின்றவள், ஒரு கதையைச் சொல்லவிடாமல் நாயையே விடுகிறாள். இவனோ பிழைத்துக்கொண்டவன் மாதிரி மூச்சு விடுகிறான். ஏன்?

"உக்காருங்க," என்றாள் வினிதா கவிப்ரியாவிடம். "நான் கேக்கணும். சொல்லுங்க."

"வினிதா, விடும்மா..." என்று சரஸ்வதி பதறினாள்.

"நீங்க பேசாதீங்க. நீங்க சொல்லுங்க மேடம்."

கவிப்ரியா குழப்பத்தோடு இருவரையும் பார்த்தாள். பிறகு சொன்னாள். அந்த ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் திம்மப்பன் சொன்ன கதை. நாய் குறுக்கே ஓடவில்லை. அவர் கடை ஓரம் எப்போதும்போலப் படுத்திருந்தது. அத்திப்பள்ளிப் பக்கம் குடித்துவிட்டு வந்த ஒருத்தன் ரோட்டைவிட்டு இறங்கி அதன் காலின்மேல் பைக்கை ஏற்றி, தானும் விழுந்தான். அவன் விழுந்து கிடந்தது இருட்டுப் பள்ளம். யாருக்கும் தெரிந்திருக்காது. இந்த நாய் நசுங்கிய காலை இழுத்துக்கொண்டு அவன் கிடந்த இடத்துக்கே ஊர்ந்து போய், கடையைப் பார்த்து ஓயாமல் குரைத்தது. திம்மப்பன் வந்து பார்த்தபோது, அவன் காலின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு குரைத்துக்கொண்டிருந்தது.

"மறுநாள் இந்த அக்காதான் எங்களுக்குப் போன் பண்ணி, அங்க ஒரு நாய் கெடக்குதுன்னாங்க. யாரோ வழில போறவங்கன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா வாரா வாரம் வராங்க."

"அவர் போன் பேசிக்கிட்டு வந்தாரா?" வினிதாவின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"போனா? இல்லியே. திம்மப்பன்தான் அவர் பாக்கெட்லருந்து போனை எடுத்து, வீட்டுக்குச் சொல்லட்டுமான்னு கேட்டாராம். அந்த ஆளு கன்னடத்துலயும் தமிழ்லயும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னானாம். பொண்டாட்டிக்கு வேணாம்... அண்ணிக்குப் போன் அடி, அண்ணிக்கு அடின்னு."

அப்போதுதான் அது நடந்தது. பேச்சுவாக்கில் கவிப்ரியாவின் பிடி தளர்ந்திருந்தது. ஜூஜூ வாரை இழுத்துக்கொண்டு மூலைக்குப் போனது. ராஜேஷின் வளைந்த காலை முகர்ந்தது. ஒருமுறை அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. பிறகு அவன் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

கவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராஜேஷ் இரண்டு கையாலும் முகத்தை மூடினான். தோள்கள் குலுங்கின.

"அவன் ஒண்ணும்... அன்னிக்கி ஏதோ சிநேகிதங்க கூப்ட்டாங்கன்னு..." அப்போதும் சரஸ்வதிதான் அவனுக்காகப் பேசினாள். "மறுபடி குடிச்சா காவேரிப்பட்டினத்துக்கு உங்கம்மா வீட்டுக்கே போயிடுவேன்னு நீ சொல்லியிருந்தியே வினிதா. ஆஸ்பத்திரில என் கையைப் புடிச்சிக்கிட்டு, நீங்க போன் பண்ணதாலதான்னு சொல்லிக்கிறேன் அண்ணின்னு அழுதான். வயித்துல புள்ளையோட நீ தனியாப் போயிடக் கூடாதேன்னு நானும் சரின்னேன். அதுக்குள்ள நீ விழுந்துட்ட. அப்புறம் சொல்லி என்னாத்துக்கு? என் மேலயே இருந்துட்டுப் போவட்டும்னு..."

"அந்தப் புள்ளைக்காக ஒவ்வொரு நாளும் உங்களத்தான் சபிச்சேன்," என்றாள் வினிதா. "பெறாதவன்னு வாய்கூசாம சொன்னேன். நீங்க வெச்ச தண்ணியக்கூடக் கீழ ஊத்தினேன். கேட்டுக்கிட்டு நின்னீங்களே... ஒரு தடவை திருப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா?"

சரஸ்வதி அழவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள். ஆறிக்கொண்டிருந்த களியைக் கிண்ணத்தோடு எடுத்து வந்து கூடத்தின் நடுவில் வைத்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தான் ஓர் உருண்டை உருட்டி ஜூஜூவுக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

செல்வம் கதவுக்குப் பின்னால் இருந்த துணிப்பையைப் பார்த்துவிட்டான். ரொம்ப நேரம் அதையே பார்த்தான். எடுத்து உள்ளே கொண்டுபோய் அவள் பீரோவில் வைத்தான். திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டு நாயின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "சரசு..." என்றான். உருண்டையை நீட்டினான்.

நாராயணம்மா அசையாமல் நின்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் இவர்களை வரவழைத்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே குனிந்தாள். களியை எடுத்தவள், "நடுவுல இன்னும் சுடுது, வாய் வெந்துடும்," என்று சொல்லி வாயால் ஊதினாள். ஊதி ஊதிக் கொடுத்தாள். மருமகளிடம் மன்னிப்புக் கேட்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

வினிதா கொடுத்தாள்.

மிச்சம் ஒரு கை.

ராஜேஷ் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான். அவன் உருட்டிய உருண்டை உடைந்து விழுந்தது. மறுபடி உருட்டினான். ஜூஜூ ஒரு கணமும் யோசிக்கவில்லை. அவன் விரல்களை நக்கித் துடைத்துவிட்டு இன்னும் வேண்டும் என்று பார்த்தது.

அவன் கண்ணீரோடு மனைவியை ஏறிட்டான். "வினி... அதே வாங்கிக்கிச்சி..."

"அது வாங்கும்," என்றாள் வினிதா. "நான் இன்னும் வாங்கல. நாளைக்கி அம்மா வீட்டுக்குப் போறேன். குடியை விட்டுட்டு, அங்க வந்து எல்லார் முன்னாடியும் நடந்ததைச் சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

அவன் தலை கவிழ்ந்தது. அவள் அதற்குமேல் அவனைப் பார்க்கவில்லை.

சுவரோரம் ஒதுங்கி நின்ற சரஸ்வதியிடம் வந்தாள். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் களி ஒட்டிக்கொண்டிருந்தது. வினிதா வலது உள்ளங்கையை நீட்டினாள்.

"அக்கா... எனக்கும் ஒரு உருண்டை குடுங்க."

சரஸ்வதி கிண்ணத்தை வழித்தாள். உருட்டினாள். கையில் வைக்கவில்லை, வாயிலேயே ஊட்டினாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது, இருவருக்கும் சேர்ந்து. ஜூஜூ நடுவில் புகுந்து, கீழே சிந்தியதை எல்லாம் பொறுக்கித் தின்றது.