உறையாத பால்

சட்டியில் இருந்த பால் உறையவும் இல்லை, திரியவும் இல்லை. காலையில் காய்ச்சிய பால் சாயங்காலமே முறிந்துபோகும் திண்டுக்கல் சித்திரை வெக்கையில், தோல் பதனிடும் ஷாப்பு வாடை அடுப்படி வரை வந்து நிற்க, முந்தாநாள் பால் மட்டும் அப்போதுதான் கறந்ததுபோல் மணந்துகொண்டிருந்தது. மரியசெல்வத்துக்கு அது பிடிக்கவில்லை. உறை ஊற்றினாயா என்று மனைவியைக் கேட்டான்.

"ஊத்துனேனே. விளக்கு வச்சபெறகு உறமோர் தரக்கூடாதுன்னு பக்கத்து வீட்டுக் கருப்பம்மாக்கா கைய விரிச்சிருச்சு. நீங்க ஐஸ் பானைக்குள்ள வச்சிருந்த கிண்ணத்து மோரத்தான் ஊத்துனேன்," என்றாள் வியாகுலம்.

அது மோர் இல்லை. கல்லூரி ஆய்வுக்கூடத்து ஐஸ்பெட்டி பழுதானதால் அவன் வீட்டுக்குக் கொண்டுவந்த நொதி. கன்றுக்குட்டியின் கழுத்துச் சுரப்பியை அரைத்து, வடித்து, உயிரைக் கொடுத்துப் பிரித்தெடுத்தது. புரதத்தைக் கண்டால் அதன்மேல் மெத்தில் என்ற சின்ன ஒட்டு ஒன்றைப் போட்டுவிடும். ஒட்டு விழுந்த புரதம் என்ன ஆகும் என்று இந்த அறுபத்தெட்டாம் வருஷத்தில் உலகத்தில் எவனுக்கும் சரியாகத் தெரியாது. பெரிய விஞ்ஞானி, கிண்ணத்தில் ஒரு சீட்டு ஒட்டிவைக்கத் தோன்றவில்லை.

யார் குடித்தது என்று கேட்டான். பாப்பா மட்டும்தான், உறையாத பாலை வீணாக்குவானேன் என்று நேற்றுக் காலையில் ஒரு தம்ளர் கொடுத்தேன் என்றாள் வியாகுலம்.

ஒரே மகள் ஆரோக்கியம். நேற்றிலிருந்து பசியில்லை என்றாள். ராத்திரி முழுக்க விழித்தே கிடந்தாள். இன்று விழுந்து முழங்கால் கிழிந்தும் ரத்தம் வரவில்லை என்று வியாகுலம் சந்தோஷப்பட்டிருந்தாள்.

குடித்ததை வாந்தியெடுக்க வைக்க உப்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு ஓடினான். ஓடியதில் தரையெல்லாம் சிந்தியது. மாதாவே, என் பிள்ளையை விட்டுவிடு. என்னை எடுத்துக்கொள்.

பாப்பா பின்வாசலில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைப் பார்த்தான். காயம் காயவில்லை. சிவக்கவும் இல்லை. வெளுத்து, சுத்தமாக, திறந்தபடி.

நெஞ்சில் காதை வைத்தான். தெருவில் ஜட்கா போகும் சத்தம். பின்னால் வியாகுலத்தின் விசும்பல். வேறொன்றும் இல்லை.

மணிக்கட்டைப் பிடித்தான். சில்லிட்டிருந்தது.

"ஆரோக்கியம்."

திரும்பினாள். சிரித்தாள். ஒரு ஈ வந்து அவள் கருமணியின் மேல் உட்கார்ந்தது. கால்களைத் தேய்த்தது. மெல்ல நடந்தது. அவள் இமைக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வலிக்கலப்பா," என்றாள்.

ஈ மூக்குத்தண்டில் ஏறி, அடுத்த கண்ணுக்குள் இறங்கியது.