பாலத்தில் நின்ற பஸ்

டிரைவரின் வீடு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி இருந்தது. மழை விட்ட சாயங்காலம். டிரைவருக்காக வாதாடும் வக்கீல் காரை நிறுத்தி இறங்கிவிட்டான். அவனுடைய அக்கா மட்டும் கதவைத் திறக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"முன்னாடியே சொல்லிடறேன்," என்றாள். "எனக்கு என்ன தோணுதோ அதைத்தான் விசாரணையில சொல்லுவேன். தம்பிங்கறதுக்காக மாத்திச் சொல்ல மாட்டேன்."

"அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ நம்பலாம்னு சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

"வானத்துல வெளிச்சம் வந்து ஒரு பொம்பளையக் கூட்டிட்டுப் போச்சுனு மூணு பேர் சொல்றாங்க. நான் அதை நம்பலாம்னு சொல்லணுமா? நல்லா இருக்குடா உன் நியாயம்."

கண்ணால் கண்டவர்களின் ஞாபகம் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று ஆராய்வதுதான் உளவியல் டாக்டரான அக்காவின் வேலை. தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வானத்துப் பைத்தியம். மொட்டை மாடியில் நின்று "பறக்கும் தட்டு!" என்று கத்துவான். அவள் எட்டிப் பார்த்து, "வெள்ளி கிரகம். சாப்பிட வா," என்பாள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் இந்த முறை ஒரு மனிதனின் வாழ்க்கை அதில் மாட்டிக்கொண்டிருந்தது.

போன மாதம் சலவைக்கூடத்துத் தொழிலாளர்களை ஏற்றிவந்த பஸ் பாலத்தின் நடுவில் நின்றது. டிரைவரின் மனைவி இறங்கினாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவளை யாரும் பார்க்கவில்லை. ஆற்றைச் சல்லடை போட்டுத் தேடியும் உடல் கிடைக்கவில்லை. டிரைவர்தான் ஏதோ செய்துவிட்டான் என்றது போலீஸ். ஜாமீனில் இருந்தான். அப்போது டிரைவரைத் தவிர பஸ்ஸில் மிச்சமிருந்தவர்கள் இரண்டு பேர்: இஸ்திரி போடும் அம்மா, மீசை என்று எல்லாரும் கூப்பிடும் வாட்ச்மேன். வக்கீல் அவர்களையும் இங்கேயே வரச் சொல்லியிருந்தான்.

வீட்டுக்குள் ஈரத்துணி வாடை. அலமாரியில் ஒரு சீப்பு, அதில் சிக்கிய நீள முடியோடு அப்படியே இருந்தது.

அக்கா ஒவ்வொருவராகச் சமையலறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள். வக்கீல் ஓரமாக நின்றான்.

முதலில் இஸ்திரி அம்மா.

"பஸ் தானா நின்னுச்சு. சத்தமே இல்ல. வெளிச்சம் தண்ணி மாதிரி வழிஞ்சுது. அவ இறங்கினா. அண்ணாந்து பாத்துச் சிரிச்சா."

அடுத்து மீசை. உட்கார்ந்ததும் அவர் ஆரம்பித்தார்.

"பஸ் தானா நின்னுச்சு. சத்தமே இல்ல. வெளிச்சம் தண்ணி மாதிரி வழிஞ்சுது..."

அக்கா அவரை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள்.

"பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்காங்க. நிஜமாப் பாத்தவங்க ஆளுக்கு ஒரு மாதிரிதான் சொல்லுவாங்க."

"மத்த கேஸ்ல வேற வேற மாதிரி சொன்னா நம்ப முடியாதுங்கற. ஒரே மாதிரி சொன்னாலும் நம்ப முடியாதுங்கற. அப்போ பாவம், எப்படித்தான் சொல்லணும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. ஒண்ணு பண்றேன். கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லச் சொல்றேன். மனப்பாடம் பண்ணவங்க அங்கதான் தடுமாறுவாங்க."

மீசை தடுமாறவில்லை. சிரித்தாள், இறங்கினாள், வெளிச்சம், சத்தமில்லை, பஸ் நின்றது. மணிமணியாகச் சொன்னார்.

"பஸ் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் அக்கா. யாரும் எதிர்பார்க்காத கேள்வியாக இருக்கட்டும் என்றுதான் கேட்டாள்.

"முகப்பு விளக்கு ரெண்டும் மங்கலா எரிஞ்சுது. கூரையில ஸ்டெப்னி கட்டியிருந்துச்சு. அது பக்கத்துல மழைத்தண்ணி தேங்கி, ஒரு காஞ்ச இலை மிதந்துச்சு."

அக்காவின் பேனா நின்றது.

"நீங்க பஸ்ஸை விட்டு இறங்கினீங்களா?"

"இல்லம்மா. உள்ளதான் இருந்தேன்."

"அப்போ கூரையை எப்படிப் பாத்தீங்க?"

அவர் மீசையைத் தடவினார். சுவருக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த சலவை இயந்திரம் அந்த நேரம் பார்த்து ஓய்ந்தது.

"மேலேருந்து," என்றார்.

இஸ்திரி அம்மாவை மறுபடி கூப்பிட்டுக் கேட்டார்கள். அவளும் அந்த இலையைச் சொன்னாள்.

கடைசியாக டிரைவர். அவன் பேச ஆரம்பித்ததுமே அழுதான்.

"நான் சீட்டுலதான் இருந்தேன், மேடம். ஆனா எனக்குத் தெரியறது என் உச்சந்தலை. கண்ணாடி வழியா நான் அண்ணாந்து பாக்கறேன். வாயைப் பொளந்துட்டு இருக்கேன். என் மூஞ்சி எனக்கே தெரியுது. ரொம்பச் சின்னதா." அவன் குரல் இறங்கியது. "என்னைப் பாத்தா எனக்கு யார்னே தெரியல. ஏதோ பூச்சியப் பாக்கற மாதிரி இருந்துச்சு."

வெளியே வந்ததும் அக்கா விடுவிடென்று காருக்கு நடந்தாள்.

"பொய் சொல்றாங்களா?" என்றான் வக்கீல்.

"இல்ல."

அவனுக்கு உள்ளூர ஒரு துள்ளல். இத்தனை வருஷத்தில் அக்கா ஒருமுறைகூட இப்படிச் சொன்னதில்லை. "அப்போ அவங்க ஞாபகத்தை நம்பலாம்."

"அது அவங்க ஞாபகம் இல்லடா."

"பின்னே யாரோடது?"

அவள் காரில் ஏறியதும் கண்ணாடியை மேல்வரை ஏற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரம் விசாரணை. பட்டப்பகல். ஜன்னல்கள் திறந்திருந்தன. விசாரணை அதிகாரியாக வந்த மாஜிஸ்திரேட் மேஜைக்குப் பின்னால் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க டாக்டர். இவங்க சொல்றதை எந்த அளவுக்கு நம்பலாம்?"

அக்கா எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"பஸ் தானா நின்னுச்சு," என்றாள். "சத்தமே இல்ல. வெளிச்சம் தண்ணி மாதிரி வழிஞ்சுது."

சாட்சிகளின் வார்த்தையை எடுத்துச் சொல்கிறாள் என்றுதான் வக்கீல் நினைத்தான்.

"எழுந்திரிக்கப் பாத்தேன். கால் வரல."

அதிகாரி டம்ளரைக் கீழே வைத்தார். "யாருக்கு?"

"எனக்குத்தான். நடு சீட்ல இருந்தேன்."

"சார், அக்காவுக்கு உடம்பு சரியில்ல," வக்கீல் பதறி எழுந்தான். "அன்னிக்கு அவ எங்க வீட்டுல இருந்தா. என் பொண்ணுக்குக் காய்ச்சல். இவதான் பக்கத்துலயே உக்காந்து நெத்தியில துணி போட்டுட்டு இருந்தா!"

"இல்ல சார்." டிரைவர் மெதுவாகச் சொன்னான். காணாமல் போன சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டவன்போல் அவன் முகம் தெளிந்திருந்தது. "மேடம் அன்னிக்கு பஸ்ல இருந்தாங்க. கண்ணாடியில பாத்தேன்."

இஸ்திரி அம்மாவும் மீசையும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

எல்லாருமாகச் சேர்ந்து விளையாடுகிறார்களா என்று அதிகாரி கத்தினார். சாட்சியம் எதுவும் செல்லாது என்றார். டிரைவரின் ஜாமீன் ரத்தானது. வேனில் ஏற்றும்போது அவன் எதிர்ப்பே காட்டவில்லை.

வக்கீல் அக்காவை வீட்டுக்குக் கூட்டிப்போனான். வெயில் சுள்ளென்று அடித்தது. ரோட்டில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள்.

"அக்கா, ப்ளீஸ். எப்பவும் சொல்லுவியே, அதைச் சொல்லு. கேட்டுக் கேட்டு மனசுல பதிஞ்சுடும், பாத்த மாதிரியே தோணும்னு சொல்லுவியே. இது அதுதானே?"

"இருக்கலாம்," என்றாள் அவள், வெகு நிதானமாக.

"நீ எங்க வீட்டுல இருந்தே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"இருக்கா? நான் எந்தப் பக்கம் உக்காந்திருந்தேன்? குழந்தைக்கு இடது பக்கமா, வலது பக்கமா?"

அவன் யோசித்தான். கட்டில் தெரிந்தது. குழந்தை தெரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி தெரிந்தது.

நாற்காலி காலியாக இருந்தது.

காரை ஓரங்கட்டினான்.

"பயப்படாதே," என்று அக்கா அவன் கையைத் தொட்டாள். சின்ன வயதில் மொட்டை மாடியிலிருந்து கூட்டிப்போகும்போது பேசுகிற அதே கனிவான குரல். "நீ எந்த சீட்ல இருந்தே?"

நான் அங்கே இல்லவே இல்லை என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான்.

"கடைசி சீட்," என்றான்.

அக்கா தலையாட்டினாள்.

"ஆமா. பாத்தேன்."